அழுத்திச் சொன்ன சொல்

அன்புள்ள மைசூரு வாசகருக்கு,

உங்கள் மழலையர் பள்ளியில் நான்கு வயதுப் பையனிடம் சிவப்புப் பந்தைக் கேட்டீர்கள். நீலப் பந்தைக் கொண்டுவந்தான். கன்னடத்தில் ‘கெம்பு செண்டு’ (சிவப்புப் பந்து) என்று ‘கெம்பு’வை அழுத்திச் சொன்னீர்கள். ஓடிப்போய் இன்னொரு நீலப் பந்தோடு வந்து நின்றான். காதில் கோளாறா, கவனமில்லையா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். அழுத்தம் காதில் விழுவது வேறு. பேசுபவர் எதை வலியுறுத்துகிறார் என்று அதைக் கொண்டு அறிவது வேறு. முதலாவது சீக்கிரமே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், முதலசையில் அழுத்தம் விழும் ஆங்கிலச் சொற்களை 9 மாதக் குழந்தைகள் விரும்பிக் கேட்டன. இரண்டாவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வாளர்கள் ஆன் கட்லரும் டேவிட் ஸ்வின்னியும் 1987-இல் காட்டியது இதைத்தான்: வாக்கியத்தில் அழுத்திச் சொன்ன சொல்லைப் பெரியவர்கள் சட்டென்று பிடிக்கிறார்கள், ஏறக்குறைய 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அழுத்தத்தால் அந்த வேகம் கூடவில்லை.

அவர்கள் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். கன்னடப் பிள்ளைக்கு வேலை வேறு மாதிரி. அழுத்தம் இடம் மாறுவதால் சொல்லின் பொருள் கன்னடத்தில் மாறாது. உயிரொலியின் நீளம் மாறினால் மாறிவிடும். ‘ஹளெ’ என்றால் பழைய, ‘ஹாளெ’ என்றால் தாள். அழுத்திப் பேசும்போதும் நாம் உயிரைக் கொஞ்சம் நீட்டத்தானே செய்கிறோம்? எந்த நீளம் சொல்லுக்கு உரியது, எது டீச்சரின் வற்புறுத்தல் என்று அந்தப் பிஞ்சுக் காது பிரித்தாக வேண்டும். எனக்கு இது சாதாரண வேலையாகத் தோன்றவில்லை.

அதனால் குரலை உயர்த்துவதை விட்டு, சொல்லால் காட்டுங்கள். தமிழைப் போலவே கன்னடத்திலும் வலியுறுத்த ‘ஏ’ இருக்கிறது: ‘கெம்பு செண்டே பேக்கு’ (சிவப்புப் பந்தே வேண்டும்). அதைவிடத் தெளிவாக, ‘நீலி பேட, கெம்பு கொடு’ (நீலம் வேண்டாம், சிவப்பு கொடு) என்று கேட்டுப் பாருங்கள். கட்லர், ஸ்வின்னி ஆய்விலும், எந்தச் சொல் முக்கியம் என்பதைப் பேச்சின் போக்கே உணர்த்தியபோது 5 வயதுப் பிள்ளைகள் வேகமாகப் பிடித்தார்கள்.

‘கவனமில்லாத பையன்’ என்று மட்டும் அவன் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது.

காதைப் பற்றி ஒன்று. உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைக்கும் குரலின் ஏற்ற இறக்கம் கேட்கும்; ‘ஸ’, ‘ஷ’ போன்றவைதான் நழுவும். ஆகவே அழுத்தத்தைக் கொண்டு காதை எடைபோட முடியாது. முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா, ஒத்த ஒலியுள்ள சொற்களைக் குழப்புகிறானா என்று பாருங்கள். சிறு ஐயம் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் உங்கள் ஊரில், மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது.