ஓயாக்கொடியும் அதனைத் தேர்வார் உள்ளமும்

மக்கள் தம் இல்லங்களிற் செடிகொடிகளை வளர்த்தற்குக் காரணம் இரண்டு. உணவும் மருந்துமாகிய பயன் கருதி வளர்ப்பன ஒருவகை. கண்ணிற்கும் மூக்கிற்கும் உண்டாகும் இன்பம் ஒன்றே கருதி வளர்ப்பன மற்றொருவகை. முருங்கையும் கறிவேம்பும் முன்னதன்பாற் படும். பின்னதன்பாற் படுவதும், சில ஆண்டுகளாக நம் நாட்டு நகரங்களிலும் பலர் விரும்பித் தொகுத்து வருவதுமாகிய ஒரு கொடியினத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். அதனைத் தொகுப்போர் எவ்வெவ் இயல்புகளைப் பெரிதெனப் போற்றுகின்றனர் என்பதும், அவற்றுள் எதனை முதற்கண் வைத்தல் தகும் என்பதுமே இக்கட்டுரை நுதலிய பொருள்.

மேனாட்டார் இக்கொடியை ‘ஹோயா’ என வழங்குவர். இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்துக் கோமகனுக்குரிய சையோன் மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராக விளங்கிய தாமசு ஓய் என்பாரின் நினைவாக, இராபர்ட்டு பிரௌன் என்னும் தாவர நூற் புலவர் 1810ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டனர். மண்ணில் உழைத்த தோட்டக்காரர் ஒருவர் பெயர் ஓர் இனத்திற்கே நிலைத்தது மகிழ்தற்குரியது. தமிழ் மரபிற்கேற்ப முதலிலுள்ள வடவெழுத்தை நீக்கின், அச்சொல் ‘ஓயா’ என்றாகும். ஓய்தல் இல்லாதது என்னும் பொருள் தாமே வந்து அமைகின்றது. இஃது ஒலியொப்புமையேயன்றிப் பெயர்க்காரணம் அன்று; எனினும் இக்கொடிக்கு அப்பெயர் எத்துணைப் பொருந்தும் என்பது பின்னர்ப் புலனாகும்.

ஓயா நமக்கு முற்றும் அயலான கொடியன்று. பாழ்நிலத்து வளரும் எருக்கும், கோடையில் நாம் பருகும் பானகத்திற்கு மணமூட்டும் நன்னாரியும், வேலிப்பருத்தியும், சிறுகுறிஞ்சானும் இதற்கு உறவின. நம் பக்கத்து வேலிகளிற் படரும் கொடிப்பாலையை ஒருகாலத்தில் தாவர நூலார் ஓயாவினத்துள்ளேயே வைத்து எண்ணினர். 500க்கு மேற்பட்ட ஓயா வகைகள் இமயச்சாரல் தொடங்கிச் சீனம், சாவகம், போர்னியோ, பிலிப்பைன் தீவுகள், நியூகினி, ஆத்திரேலியா ஈறாகப் பரவியுள்ளன. தென்னிந்திய மலைக்காடுகளிலும் சில உண்டு. சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த இராபர்ட்டு வைட்டு 1834இல் இக்குடும்பத்துச் செடிகளை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழும் ஓயா ஒன்று வழங்குகின்றது. அவருடைய நூல்களுக்குச் செடிகளைக் கண்டு கண்டு வரைந்தளித்த இரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவரையும் நாம் மறத்தலாகாது.

இவ்வினத்துட் பல, நிலத்தில் வேரூன்றாது மரக்கிளைகளைப் பற்றி வாழ்வன. பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி போல்வன அல்ல. இருத்தற்கு இடம் மட்டுமே கொண்டு, மழைநீரையும் பட்டையிடுக்கிற் சேரும் மக்கினையும் உண்டு வாழும். இவ்வியல்பை உளங்கொண்டாலன்றி இதனை வளர்த்தல் அரிது.

இனி, தொகுப்போர் போற்றும் இயல்புகளை முறையே காண்போம்.

முதலாவது இலை. பூ ஆண்டிற் சில நாளே தோன்றும். இலையோ எந்நாளும் கண்முன் நிற்கும். ஆதலின் தேர்வோர் கண் முதலில் இலைமேற் செல்லுதல் இயல்பே. ஓயாவின் இலை பெரும்பாலும் தடித்து மெழுகு பூசினாற்போல் மின்னுவது. சிலவற்றில் வெள்ளி நீர் தெளித்தாற்போன்ற புள்ளிகள் உள. சிலவற்றில் வெளிறிய இலைமேல் நரம்புகள் கரும்பச்சையாகக் கோடிட்டுத் தோன்றும். ‘ஓயா லீனியாரிசு’ என்னும் இமயத்துக் கொடி ஊசி போன்ற மெல்லிலைகளைத் தாங்கிச் சடைபோற் கீழ்நோக்கித் தொங்கும். ‘ஓயா கார்னோசா’ என்னும் பழைய வகையின் ஒரு பிரிவில் இலைகள் சுருண்டு முறுகிக் கயிறு திரித்தாற்போல் நெருங்கி நிற்கும். ஓரத்திலோ நடுவிலோ வெண்மையும் செம்மையும் கலந்த இலையுடையனவற்றிற்கு விலை மிகுதி. ஆயின், இலையின் வெண்பகுதியிற் பச்சையம் இன்மையால் அஃது உணவு ஆக்கமாட்டாது. ஆதலின் அத்தகைய கொடி மெல்ல வளரும். கடுவெயிலில் எளிதிற் கருகும். அழகிற்கு அக்கொடி செலுத்தும் வரி இதுவென்க.

இரண்டாவது மலர். பல பூக்கள் ஒரு காம்பின் நுனியிற் கூடிப் பந்துபோல் விளங்கும். ஒவ்வொரு பூவும் ஐந்து முனையுடைய விண்மீன். அதன் நடுவே மகுடம் போன்ற மற்றொரு சிறு விண்மீன். எருக்கம்பூவை உற்று நோக்கினார்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. நிறமோ வெண்மை, இளஞ்சிவப்பு, மஞ்சள், கருஞ்சிவப்பு எனப் பலவகைப்படும்.

அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களை நுணுகி நோக்கிப் பெயரிட்டோர் நம் முன்னோர். அவ்வெல்லாப் பருவமும் கழிந்து பூ உதிர்ந்த பின்னும், ஓயாவின் பூங்காம்பு பெரும்பாலும் வீழ்வதில்லை. வாடிய குச்சிபோற் கொடியிலேயே தங்கி, அடுத்த பருவத்தில் அதே நுனியில் மீண்டும் அரும்பும். இங்ஙனம் ஆண்டுதோறும் பூத்தலான் அக்காம்பு சிறிது சிறிதாக நீளும். இதனை அறியாதார் பட்டுப்போன குச்சியென்று கத்தரித்து, வரும் ஆண்டுப் பூவையும் உடன் இழப்பர். ‘ஓயா’ என்னும் பெயரின் பொருத்தம் இப்பொழுது விளங்கும்.

மூன்றாவது மணம். பகலில் அடங்கியிருந்து மாலையிலும் இரவிலும் மிகுந்து கமழ்வன பல. இன்மணம் உடையன பலவாயினும், எல்லார்க்கும் உவப்பில்லாத நாற்றமுடையனவும் சில உள. ஆதலின் உறங்கும் அறையில் வைக்குமுன் மணம் அறிந்து கோடல் நன்று.

நான்காவது அருமைப்பாடு. பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருத்தல் வேண்டும் என்னும் ஆசை தொகுப்போர்க்கு இயற்கை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்தபொழுது, வீட்டுச்செடிகளின்மேல் வேட்கை பெருகியது. அரியனவற்றின் விலையும் ஏறியது. அருமை ஒன்றையே நோக்குவார்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. விலை ஏறுந்தோறும் காட்டிலிருந்து பறித்து விற்போரும் பெருகுவர். நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மரங்களைப் பற்றி வாழும் ஆர்க்கிடு முதலியவற்றிற்கும் இவ்வச்சம் உண்டு. பதியத்தாலும் துண்டத்தாலும் பெருக்கிய கொடியையே வாங்குதல், ஒரு மலையின் செல்வத்தை அம்மலைக்கே விட்டுவைத்தலாகும்.

ஐந்தாவது நோயின்மை. பட்டறிவுடையார் முதலிற் பார்ப்பது இலையின் மேற்புறத்தை அன்று. அதன் அடியையும் கணுவிடுக்கையுமே. மாவுப்பூச்சி அங்கேதான் பஞ்சுபோல் ஒட்டிக்கிடக்கும். சேலம் நாமக்கல் உழவர்க்கு இப்பூச்சியைப் பற்றி யாரும் கூறவேண்டுவதில்லை. அயல்நாட்டு மாவுப்பூச்சி மரவள்ளித் தோட்டங்களை அழித்தமையும், அதனை ஒடுக்க ஆப்பிரிக்காவினின்று வருவித்த சிறு குளவி 2022இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடப்பட்டமையும் நாம் அறிந்தனவே. எருக்கிலைமேல் மொய்க்கும் மஞ்சள்நிற அசுவினியும், உறவுமுறை கருதிப் போலும், ஓயாவையும் நாடி வரும்.

ஆறாவது இடப்பொருத்தம். சேலம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 அடி உயரத்தது. ஏர்க்காடோ ஏறத்தாழ 5,000 அடி. மலைமேல் மகிழ்ந்து வளரும் கொடி, சித்திரை வைகாசியில் வெப்பம் 100 பாகையைக் கடக்கும் சமவெளியில் அவ்வாறே வளரும் எனக் கருதுதல் பிழை. மேற்கூறிய இமயத்துக் கொடி இவ்வெப்பத்தில் வாடும். தடித்த இலையுடைய கார்னோசா, பிலிப்பைன் நாட்டுப் பியூபிகேலிக்சு போல்வன, உச்சிவெயில் படாது காலையொளி மட்டும் படும் தாழ்வாரத்திற் பிழைக்கும். நம் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பு மிக்கது. அந்நீரைத் தெளித்தால் இலைமேல் வெண்கறை படியும். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுதல் நன்று. தொட்டியில் வெறுஞ் செம்மண்ணை நிரப்பின் நீர் தேங்கி வேர் அழுகும். தென்னை நார், கரித்துண்டு, ஓட்டுச்சில்லு ஆகியவற்றைக் கலந்து இட்டால் வேர்க்குக் காற்றுக் கிடைக்கும்.

நிற்க. இவ்வாறனுள்ளும் முதன்மையுடையது யாது? இதனை யான் நூலிற் கற்றிலேன். என் இல்லத்திற் கற்றேன்.

பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கோடையில், பரிசாகக் கிடைத்த பணத்தில் 250 ரூபாய் கொடுத்து, ஒரு செடிக்கடையில் சிறு தொட்டி ஒன்று வாங்கினேன். அதனுள் நெஞ்சின் வடிவாய தடித்த இலை ஒன்று மட்டும் நட்டு வைக்கப்பட்டிருந்தது. அது ‘ஓயா கெர்ரியை’ என்பதாம். சீயம் நாட்டிற் செடிகளைத் தொகுத்த கெர் என்னும் அயர்லாந்து மருத்துவரின் பெயரால் 1911இல் வழங்கலாயிற்று. “கொடியாகப் படரும்” என்று கடையினர் கூறினர். நாமக்கல்லை அடுத்த எங்கள் ஊரில் கோழிப்பண்ணையொன்றிற் கணக்கெழுதும் என் அன்னைக்கு அதனை அளித்தேன். அவர் அதனைக் குழந்தைபோற் பேணினார். பணியினின்று திரும்பியதும் முதலில் நோக்குவது அதனையே. ஒன்றரை ஆண்டு சென்றது. இலை வாடவுமில்லை, வளரவுமில்லை. “என் கைராசி அவ்வளவுதான்” என்று அவர் ஒருநாள் கூறியபொழுது, அச்சொல்லிற் செடியைப் பற்றிய வருத்தம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சேலத்தில் வாழும் என் பெரியம்மா பல ஆண்டுகளாக ஓயா வளர்ப்பவர். அவர் வந்திருந்தபொழுது அத்தொட்டியைக் கவிழ்த்து, இலையை எடுத்து எங்களுக்குக் காட்டினார். காம்படியில் வெள்ளை வேர்கள் செழித்திருந்தன. ஆயின் தண்டின் கணு சிறிதும் இல்லை. கணுவிலன்றிப் புதுத்தளிர் தோன்றாது. கணுவற்ற இலை வேர்விட்டுப் பல ஆண்டு உயிரோடிருக்குமேயன்றிக் கொடியாகாது. “குற்றம் உன் கையில் இல்லை கண்ணு, உன் கைராசியாலேதான் இந்த ஒற்றை இலை இத்தனை நாள் பிழைத்திருக்கிறது” என்று அவர் கூறினார். என் அன்னை மறுமொழி கூறவில்லை; அவ்விலையை வாங்கி மீண்டும் தொட்டியில் நட்டார்.

பின்னர்ப் பெரியம்மாவின் இல்லத்திற்கு நாங்கள் சென்றபொழுது, எங்களுக்கென ஒரு துண்டம் தருவதாகக் கூறினார். அரிய வகைகள் பல அங்கிருந்தன. யான் வெண்கரையிட்ட இலையொன்றைச் சுட்டினேன். அவரோ, “உங்கள் வீட்டுத் தாழ்வாரம் எந்தத் திசை? மழைநீர் பிடிக்க இடம் உண்டா? பகலில் யார் இருப்பார்கள்?” என்று வினவினார். எங்கள் விடைகளைக் கேட்டபின், இருகணுவுடைய சாதாரணக் கார்னோசாத் துண்டம் ஒன்றையே அறுத்துத் தந்தார்.

அவ்வினாக்களே என் ஆராய்ச்சிக்கு விடையாயின. பறம்பின் தலைவன் பாரி, படர்தற்குக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரையே அளித்தான் என்று கற்கின்றோம். அவன் அம்முல்லையின் பூ அரியதோ, மணம் மிக்கதோ என ஆராய்ந்திலன். அதற்கு இல்லாதது யாது என்பதொன்றையே நோக்கினான். தொகுப்போர் போற்றும் இலையும், மலரும், மணமும், அருமையும் கொடியிடத்து உள்ளவை. கணுவுடைமையும் நோயின்மையும் வாங்குமுன் தெளியவேண்டியவை. இவையெல்லாவற்றிற்கும் முன்னர், அக்கொடிக்கு வேண்டுவதை நம் இல்லம் அளிக்கவல்லதோ எனத் தன்னைத் தான் வினவுதலே தேர்வார்க்கு முதற்கடன் என்பது என் துணிபு. அதனை வினவித் தேர்ந்தார்க்கு எளிய வகையும் ஆண்டுதோறும் பூக்கும். வினவாது கொண்டார்க்கு அரிய வகையும் ஒரு கோடையிற் கழியும்.

அத்துண்டம் இப்பொழுது நான்கு முழம் படர்ந்துள்ளது. இன்னும் பூத்திலது, பூக்க இரண்டு மூன்று ஆண்டு செல்லலாம் என்பர். என் அன்னை அதுபற்றிக் கவல்கின்றிலர். அதன் அருகே, வளராத அந்த ஒற்றை இலையும் பச்சை மாறாது நிற்கின்றது. இரண்டிற்கும் மழைநீரே வார்க்கின்றார்.