கம்பெனி திவாலானா உங்க பிஎஃப் பணம் என்ன ஆகும்?

"எங்க ஆபீஸ்ல ரெண்டு மாசமா சம்பளம் லேட். கம்பெனியை மூடிட்டா என் பிஎஃப் போயிடுமா?" இந்தக் கேள்வி நிறைய பேருக்கு இருக்கு. இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. ஏன்னா உங்க பிஎஃப் பணம் ரெண்டு விதமா இருக்கலாம்.

1. ஏற்கனவே கட்டிய பணம்

இபிஎஃப்ஓ-வுக்குப் போய்ச் சேர்ந்த பணம் கம்பெனியோட சொத்து கிடையாது. அது உங்க யுஏஎன் கணக்குல இருக்கு. கம்பெனி திவாலானாலும் பேங்க்காரங்க அதுல கை வைக்க முடியாது. வட்டியும் தொடர்ந்து வரும். புது வேலைக்குப் போனதும் அதே யுஏஎன்-ஐக் கொடுத்து டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம்.

2. பிடிச்சும் கட்டாத பணம்

உண்மையான ஆபத்து இங்கதான். உங்க பிஎஃப் சம்பளம் 15,000 ரூபாய்னு வைங்க. உங்ககிட்ட 12%, அதாவது 1,800 ரூபாய் பிடிப்பாங்க. கம்பெனியும் 1,800 போடணும். அதுல 1,250 பென்ஷனுக்கு, மீதி 550 பிஎஃப்-க்கு. மொத்தம் மாசம் 3,600. அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள இதைக் கட்டியாகணும். எட்டு மாசம் கட்டலைன்னா 28,800 ரூபாய் பாக்கி. அதுல பாதி உங்க சம்பளத்துல பிடிச்ச பணம்!

பணக் கஷ்டம் வந்தா பல கம்பெனிகள் முதல்ல நிறுத்துறது இதைத்தான். பே ஸ்லிப்ல "பிஎஃப் பிடித்தம்"னு இருக்கும், பாஸ்புக்ல இருக்காது.

சட்டம் யார் பக்கம்?

உங்க பக்கம்தான். 2016-ல வந்த திவால் சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஊழியர்களுக்குச் சேரவேண்டிய பிஎஃப், பென்ஷன், கிராஜுவிட்டி நிதிப் பணம், கடன்காரர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற சொத்துல சேராது. சம்பள பாக்கி அப்படியில்லை; அது மத்த கடன்களோட வரிசையில நிக்கணும்.

ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கோங்க. 2019 ஏப்ரல்ல விமானங்கள் நின்னுபோச்சு. ஊழியர்களின் பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுக்கணும்னு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-ல சொன்னது. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிட மறுத்தது. ஆனா கம்பெனியை வாங்கினவங்க திட்டம் நிறைவேறலை. 2024 நவம்பர்ல சொத்துகளை வித்துக் கணக்கை முடிக்க கோர்ட் உத்தரவு போட்டது. உரிமை இருக்கு, ஆனா பணம் கைக்கு வர வருஷக்கணக்காகும். அதனால முன்கூட்டியே கவனிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

நீங்க செய்ய வேண்டியது

- மாசா மாசம் 20-ஆம் தேதிக்கு மேல உமங் ஆப்ல பாஸ்புக் பாருங்க. இல்லைன்னா பதிவு செஞ்ச நம்பர்ல இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்க.
- ரெண்டு மாசம் தொடர்ந்து வரவு இல்லையா? எச்ஆர்-க்கு மெயில்ல கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம். பதில் இல்லைன்னா இபிஎஃப்ஓ-வின் குறைதீர்ப்புத் தளத்துல புகார் போடுங்க.
- பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் சொந்த மெயில்ல வைங்க. ஆபீஸ் மெயில் ஒருநாள் திடீர்னு திறக்காம போகலாம்.
- திவால் வழக்கு ஆரம்பிச்சதும் பொது அறிவிப்பு வரும். அதுல இருக்கிற கடைசி தேதிக்குள்ள உங்க பாக்கியைப் படிவம் 'டி'-ல கேளுங்க. அந்த நேரத்துல கம்பெனி மேல தனியா வசூல் வழக்கு போட முடியாது. இந்தப் படிவம்தான் வழி.

நீங்களே கடன்ல மாட்டினா?

இபிஎஃப் கணக்குல இருக்கிற பணத்தைக் கோர்ட் மூலமா கடன்காரர் ஜப்தி பண்ண முடியாது. அதனால கிரெடிட் கார்டு ஏஜென்ட் மிரட்டுறார்னு அவசரப்பட்டு பிஎஃப்-ஐ எடுத்துக் கொடுத்துடாதீங்க.

இப்பவே பாஸ்புக்கைத் திறந்து கடைசி வரவு எந்த மாசம்னு பாருங்க. விடுபட்ட மாசம் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, புகார் போடுற விதத்தை அடுத்த வீடியோவுல பார்க்கலாம்!