வேகத்திற்கு எல்லை வகுக்கும் வெப்பம்

கணினியின் மூளை எனப்படுவது செயலி. அதன் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு நூறு கோடித் துடிப்புகள் ஆகும். ஒவ்வொரு துடிப்பின்போதும் செயலியினுள் இருக்கும் எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் இயங்குகின்றன. இதற்குச் செலவாகும் மின்னாற்றல் இறுதியில் வெப்பமாக மாறுகிறது.

தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவைவிடச் செயலியை விரைவாக இயக்குவதை ‘ஓவர்கிளாக்கிங்’, அதாவது மிகைவேக இயக்கம் என்பர். துடிப்பை மிகுதியாகக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியுள்ளது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. துடிப்பின் அளவுக்கு ஏற்ப உயரும் வெப்பம், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும் உயர்கிறது. வேகத்தை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1.2 × 1.1 × 1.1 = 1.452. எனவே, வெப்பம் ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகரிக்கும்!

வழக்கமான கணினிகளில் உலோகத் தகடுகளும் விசிறியும் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. சிலவற்றில் குழாய்வழி ஓடும் நீர் அப்பணியைச் செய்கிறது. ஆயினும், இவற்றால் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. ஆகவே, சாதனை படைக்க முனைவோர் செயலியின்மேல் செம்புக் குவளையைப் பொருத்தி, அதில் திரவ நைட்ரஜனை ஊற்றுகின்றனர். −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் இத்திரவம், ஆவியாகும்போது செயலியின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. திரவ ஹீலியமோ −269 பாகையில் கொதிக்கக்கூடியது. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-8150 செயலி திரவ ஹீலியத்தின் துணையுடன் 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டிக் கின்னஸ் சாதனை படைத்தது. அதன் இயல்பான வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே.

இம்முறையில் ஆபத்துகளும் உள்ளன. குளிர்ந்த நீர்ப்புட்டியின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த செயலியைச் சுற்றிப் படிந்து மின்சுற்றைப் பழுதாக்கிவிடும். அதனைத் தடுக்கச் சுற்றுப்பலகையின்மீது பெட்ரோலியம் ஜெல்லி போன்ற பொருளைப் பூசுவர். மேலும், ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிகிறது. மூடிய அறையில் அது உயிர்வளியை விலக்கி, மூச்சுத்திணறலை ஏற்படுத்தக்கூடும். திரவம் தோலில் பட்டால் உறைகாயம் உண்டாகும். எனவே, பயிற்சி பெறாதோர் இதில் ஈடுபடவே கூடாது.

அப்படியானால், இந்தக் குளிரூட்டலை அன்றாடக் கணினிகளில் பயன்படுத்தலாமா? முடியாது. திரவம் தொடர்ந்து ஆவியாவதால் அதனை ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் இத்தகைய சாதனைகள் சிறிது நேரமே நீடிக்கின்றன. செயலித் தயாரிப்பாளர்களும் இதே வெப்பத் தடையை எதிர்கொண்டனர். 2004ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தைக் கைவிட்டது. அதன்பின், ஒரே மையத்தை மேன்மேலும் விரட்டுவதற்குப் பதிலாக, ஒரே செயலியில் பல மையங்களை அமைத்து வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறை பரவியது. இன்று நம் கைப்பேசிகளிலும் அம்முறையே உள்ளது.

திரவ ஹீலியம் ஒரு செயலியைச் சிறிது நேரம் விரைந்தோடச் செய்தது. வெப்பத்தின் எல்லையை உணர்ந்து வேலையைப் பகிர்ந்த வழியோ கோடிக்கணக்கான கணினிகளை நாள்தோறும் இயக்குகிறது.