கூதிர்க்காலக் காலையில் ஒரு ஜீவதயைப் பாடம்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் எனப்படும். வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பும் இக்காலத்தில் நீர்ப்பறவைகள் கூடு கட்டி இனம் பெருக்கத் தொடங்குகின்றன. வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் நம்மவருக்கு, மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் தொலைவான ஊரன்று. விடுமுறை நாளொன்றில், பொழுது புலரும் வேளையில், சிறுவர் சிறுமியரை அவ்வேரிக்கரைக்கு அழைத்துச் செல்வது நல்லதொரு கல்வியாகும்.

கரையில் நின்றே கற்கத்தக்கவை பல. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நுனியில் கூடினும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். நத்தையே அதன் முதன்மை உணவு. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இருபுறமும் வீசி இரை தேடும். நீர்க்காகம் மூழ்கி எழுந்தபின் சிறகுகளை விரித்து உலர்த்தும். வடபுலத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் இங்குக் கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழித்துத் திரும்பிவிடும்.

'நாரை நத்தையைத் தின்பது பாவமன்றோ?' எனக் குழந்தை வினவக்கூடும். நல்ல வினாவே. ஆயினும், பறவையின் வினையை ஆராய்வதினும், தேர்ந்து நடக்கவல்ல மானிடப் பிறவி பெற்ற நாம் யாது செய்கிறோம் என்று நோக்குவதே நமக்குப் பயன் தரும்.

கொல்லாதிருத்தல் மட்டுமே அஹிம்சையாகிவிடாது. அடைகாக்கும் பறவை ஆரவாரத்தால் வெருண்டு எழுமாயின், முட்டைகளும் சிறகு முளையாத குஞ்சுகளும் வெயிலுக்கும் காக்கைகளுக்கும் இரையாகின்றன. பறக்கும் அழகைக் காண விரும்பிக் கைதட்டுபவர் எவரையும் கொல்ல எண்ணியவரல்லர்; எனினும் அவரது கவனமின்மையால் ஓர் உயிர் மடியலாம். பிரமாதம் எனப்படும் இக்கவனமின்மையே இம்சைக்கு வாயில் என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய நெறி.

ஆதலின் பின்வருவனவற்றைக் குழந்தைகளுக்கு முன்னரே உணர்த்துதல் வேண்டும்:

1. மெல்லப் பேசுக, கைதட்டுதலும் கல்லெறிதலும் கூடா.
2. கூடுகளை நெருங்காது, தொலைநோக்கியால் காண்க.
3. ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க. நிறங்கள் தெளிவாகத் தெரியும்.
4. தீனி இடற்க, பிளாஸ்டிக் பைகளை விட்டு வரற்க.
5. கண்டவற்றை நாளும் நேரமும் குறித்து எழுதி வைக்க.

இந்நெறிக்கு அவ்வூர் மக்களே சான்றாவர். பறவைகள் சுடப்படுவதைப் பொறாத அவர்களது முறையீட்டை ஏற்று, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் 1798-ஆம் ஆண்டில் அவ்வேரிக்குப் பாதுகாப்பு அளித்தார். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர்கள் கண்டறிந்திருந்தனர். காத்தவரைக் காக்கப்பட்ட உயிர்களும் காத்தன. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் இடம்பெற்றது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சிற்றூரார் அதனைப் போற்றியிருந்தனர்.

ஓர் உயிரைக் கண்டு மகிழ்ந்து, நாம் வந்து சென்றதை அது அறியாவண்ணம் திரும்புதல் எளிய செயலே. ஜீவதயையை நம் இளையோர் பயிலத் தொடங்குவதற்கு அதுவே தக்க முதற்பாடமாகும்.