மார்கழியில் மரம் கழிக்கலாமா?

கேள்வி: வீட்டோரத்து வேம்பையும் பூவரசையும் மார்கழியில் கழிக்கலாமா?
– வாசகர், சுண்ணாம்புக்குளம்

பதில்: 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்த வர்தாவைப் போலப் புயல்கள் பழவேற்காட்டுக் கரையைக் கார்த்திகையிலேயே நெருங்கிவிடுவதால், காய்ந்த கிளைகளை ஐப்பசிக்கு முன்பே கழிப்பதுதான் முறை. பருவமழை ஈரத்தில் வெட்டுவாய் எளிதில் காயாததோடு, வேம்பின் கொம்பு நுனிகளைக் கருக்கும் பூஞ்சை நோயும் அப்போதே மிகுகிறது. எனவே, மார்கழியில் கழிக்காமல், உடனடி ஆபத்தில்லாத கிளைகளைத் தையில் வெட்டலாம். கனத்த கிளையை முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து வீழ்த்தி, எஞ்சிய துண்டைக் கிளைக்கழுத்து, அதாவது கிளை தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பு, சேதப்படாமல் நீக்கினால், பட்டை உரியாது. காயமும் விரைவில் மூடும். பனையை மட்டும், 2021இல் தமிழக அரசு அறிவித்தபடி, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டலாகாது.