நானூறு அடி போரும் மூவாயிரம் மீட்டர் கிணறும்

கேள்வி: மறைமலை நகரில் குடியிருக்கிறோம். போன மாதம் வீட்டில் போர் போட்டோம். 420 அடி போயும் கருங்கல் பொடிதான் புகையாகப் பறந்தது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தது. நான் பிறந்த ஊர் திருவாரூர் பக்கம். வயலுக்கு நடுவே ஓ.என்.ஜி.சி. ரிக் நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் கணக்கில் துளை போடுவதாகச் சொல்வார்கள். அதுவும் நம் வீட்டுப் போர் மாதிரிதானா? அங்கே இருக்கும் எண்ணெய் இங்கே ஏன் இல்லை? அப்பா இன்னும் ஊரில் அடிபம்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். அந்தத் துளை வழியாக எண்ணெய் தண்ணீரில் கலந்துவிடாதா?
வாசகி, மறைமலை நகர்

பதில்: உங்களை உறுத்துவது மூன்றாவது கேள்விதான் என்று தெரிகிறது. முதல் இரண்டும் புரிந்தால்தான் அதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் பறந்த கருங்கல் பொடியிலிருந்தே தொடங்குகிறேன். அது பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறையால் ஆனது. அதனால்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் பாறைக்கே அவர் பெயரை வைத்தார். அதை அவர் ஆராய்ந்தது உங்களுக்குப் பக்கத்திலேயே, பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் வெந்து இறுகிய கல் அது. எண்ணெயோ, பழங்கடலில் செத்து அடியில் படிந்த நுண்ணுயிர்கள் சேற்றோடு புதைந்து, மிதமான சூட்டில் பல லட்சம் ஆண்டுகள் பக்குவப்பட்டு உண்டாவது. சார்னோகைட் பட்ட சூட்டில் அப்படி எதுவும் மிஞ்சியிருக்காது. போதாததற்கு அந்தக் கல்லில் ஒரு சொட்டைத் தேக்கிவைக்கும் நுண்துளைகூட இல்லை. உங்களுக்குக் கிடைத்த தண்ணீர் ஏதோ ஒரு விரிசலில் ஓடியது.

உங்கள் ஊர் இருக்கும் காவிரி டெல்டாவின் கதை வேறு. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியா பிரிந்தபோது, கடற்கரையோரம் நிலம் வரிவரியாகக் கீழே இறங்கிப் பள்ளங்கள் உண்டாயின. ஆறு கொண்டுவந்த மண்ணும் கடல் விட்டுப்போன சேறும் அவற்றில் கிலோமீட்டர் கணக்கில் நிரம்பின. அதைத்தான் காவிரிப் படுகை என்கிறோம். அந்த அடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் உங்களுக்கு ஊர் ஞாபகம் வரும்: ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், கமலாபுரம். உலகத்தின் எந்த மூலையில் காவிரிப் படுகையைப் பற்றி எழுதினாலும் நம் ஊர்ப் பெயர்களைத்தான் எழுத வேண்டும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். கெட்டிப் பாறையிலும் எண்ணெய் கிடைத்திருக்கிறது. வியட்நாமின் பாக் ஹோ வயல் பெயர் பெற்றது. நம் படுகையிலேயே மாதானத்தில் அடிப்பாறை விரிசல்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணெய் பாறையில் பிறந்ததல்ல. பக்கத்துச் சேற்றுப் பாறையில் பிறந்து விரிசலுக்குள் குடியேறியது. மறைமலை நகருக்கு அப்படிப்பட்ட பக்கத்து வீடு இல்லை.

இனி துளை. உங்கள் வீட்டுக்கு வந்த வண்டியில் கம்ப்ரசர் காற்று ஹேமரை இடிக்க வைக்கும், அதே காற்று பொடியை மேலே ஊதித் தள்ளும். எண்ணெய்க் கிணற்றில் இடி இல்லை, சுழற்சிதான். பல் வைத்த பிட்டைக் குழாய் முனையில் மாட்டிச் சுழற்றுவார்கள். ஒவ்வொரு குழாயும் சுமார் 30 அடி. 3,000 மீட்டர் ஆழத்தில் பிட் மழுங்கிப்போனால் அத்தனை குழாயையும் மேலே இழுத்து, மும்மூன்றாகக் கழற்றி, கோபுரத்தில் சாய்த்து வைத்து, புது பிட் மாட்டி, திரும்ப இறக்க வேண்டும். ஒரு நாள் வேலையே அதில் போய்விடும். நீங்கள் பார்த்த கோபுரம் அவ்வளவு உயரமாக நிற்பது இதற்காகத்தான்.

காற்றுக்குப் பதிலாக உள்ளே ஓடுவது ஒருவகைச் சேறு. ரிக்கில் எல்லோரும் ‘மட்’ என்றுதான் சொல்வார்கள். பென்டோனைட் களிமண்ணும் தண்ணீரும் கலந்தது. கனம் கூட்ட பேரைட் என்ற தாதுப்பொடி சேர்ப்பார்கள். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் அதற்கு உலகப் பெரும் சுரங்கங்களில் ஒன்று இருக்கிறது. குழாய் வழியாக இறங்கும் மட், பிட்டின் சூட்டைத் தணித்து, அரைபட்ட கல்லை அள்ளிக்கொண்டு, குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வரும். இதெல்லாம் அதன் சில்லறை வேலை. உண்மையான வேலை அழுத்துவது.

3,000 மீட்டர் ஆழத்தில் வெறும் தண்ணீர் நின்றாலே சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். பாறைக்குள் அடைபட்ட எரிவாயு அந்த அளவுக்கோ அதைவிடக் கூடவோ முட்டிக்கொண்டிருக்கும். அதை மேலே வரவிடாமல் பிடித்திருப்பது மட்டின் கனம் ஒன்றுதான். கனம் குறைந்தால் வாயு உள்ளே நுழையும். கூடினால் பாறை பிளந்து மட் அதற்குள் போய்விடும். அதனால் ரிக்கில் கண் எப்போதும் மட் தொட்டியின் மேலேயே இருக்கும். உள்ளே அனுப்பியதைவிட அதிகமாகத் திரும்பி வந்தால் கீழே ஏதோ நுழைந்துவிட்டது. உடனே பம்பை நிறுத்தி, கிணற்றின் வாயில் இருக்கும் பெரிய அடைப்பான்களை மூடி, கனம் கூட்டிய மட்டைச் செலுத்த வேண்டும். 1995 ஜனவரியில் கோதாவரி டெல்டாவின் பாசர்லபூடியில் இந்தப் பிடி நழுவியது. நெருப்பு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் பழைய கிணறு ஒன்றைப் பழுதுபார்க்கும்போது வாயு பீறிட்டது. நவம்பரில்தான் அடக்க முடிந்தது.

இப்போது அப்பாவின் அடிபம்பு. எண்ணெய்க் கிணற்றை ஒரே மூச்சில் தோண்டுவதில்லை. முதலில் அகலமாகக் குடிநீர் அடுக்குகளைத் தாண்டும்வரை போவார்கள். அங்கே நிறுத்தி இரும்பு கேசிங் குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சிமெண்டைக் கீழிருந்து தரைமட்டம்வரை ஏற்றுவார்கள். அது இறுகிய பிறகு அதற்குள் சிறிய பிட், சிறிய கேசிங், மறுபடி சிமெண்ட். எண்ணெய் அடுக்கைத் தொடும்போது குடிநீருக்கும் கிணற்றுக்கும் இடையில் இரண்டு மூன்று இரும்புச் சுவர்கள் இருக்கும். கடைசிக் குழாய் முழுக்க மூடியதுதான். எண்ணெய் இருக்கும் ஆழத்துக்கு மட்டும் வெடிகுண்டுக் குழல் ஒன்றை இறக்கி வெடித்துத் துளையிடுவார்கள். டெல்டாவில் அந்த ஆழம் பெரும்பாலும் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கீழே. ஆகவே எண்ணெய் பாறை வழியாக ஊறி ஏறி அடிபம்புக்கு வராது.

ஆனால் இரும்பைவிட எனக்குச் சிமெண்டைப் பற்றித்தான் கவலை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சேறு ஒட்டிய சுவரில், அது முழுதாகப் பிடித்ததா என்பதை ஒலிக்கருவி இறக்கித்தான் பார்க்க முடியும். அந்தப் பதிவு ஒவ்வொரு கிணற்றுக்கும் ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இன்னொன்று, ஆபத்து அடியைவிட மேலேதான் அதிகம். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலம் வயலில் எண்ணெய் பரவியது, புதைத்திருந்த குழாய் கசிந்து. மட் கழிவைக் கொட்டும் குழியும், எண்ணெயோடு வரும் உப்புநீரும் அப்படித்தான். அப்பாவின் அடிபம்பைக் கெடுக்கக்கூடியவை இவைதான்.

‘ஹைட்ரோகார்பன்’ என்ற சொல்லைக் கேட்டு ஊர் பதறியதற்கும் காரணம் இருக்கிறது. அது எண்ணெய்க்கும் வாயுவுக்கும் பொதுப்பெயர், புதுப் பொருள் அல்ல. ஆனால் 2016-இல் வந்த மத்திய அரசின் கொள்கை ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றையும் எடுக்க வழி செய்தது. ஷேல் என்பது இறுகிய சேற்றுப் பாறை. அதிலிருந்து வாயு எடுக்கப் பாறையையே நீரால் உடைக்க வேண்டும், தண்ணீர் ஏராளமாகத் தேவை. அடுத்த ஆண்டு ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய நெடுவாசல் ஊர்மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. புதிய கிணறுகளுக்கு அங்கே தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை தொடர்கின்றன.

ஊருக்குப் போகும்போது, உற்பத்தி நின்றுபோன பழைய கிணறு அப்பாவின் வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதை மூடும்போது எந்தெந்த ஆழத்தில் சிமெண்ட் அடைப்பு போட்டார்கள் என்று ஓ.என்.ஜி.சி. காரைக்கால் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மறைமலை நகர் வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பி.வி.சி. கேசிங் எத்தனை அடிக்கு இறங்கியது, கெட்டிப் பாறையைத் தொட்டதா, சுற்றியுள்ள இடைவெளியை மேலே சிமெண்ட் போட்டு அடைத்தார்களா என்று போர் போட்டவரைக் கேளுங்கள். அடைக்கவில்லையென்றால் பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியின் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.