பழைய கார் சீட்டைச் சீர் செய்வோம்: தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு பாடம்



நம் குழுக்களில் தையல் தெரிந்த சகோதரிகள் நிறைய பேர் இருக்கிறீர்கள். பள்ளி திறக்கும்போது சீருடை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜாக்கெட் என்று வேலை குவியும். மற்ற மாதங்களில் மிஷின் மேல் துணி போர்த்தி வைத்திருப்போம். கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். அந்த மாதங்களில் கைகொடுக்கக்கூடிய ஒரு வேலையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஏன் பழைய கார்?

அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது. ஆம்னி வேன் 2019-ல் நின்றது. ஆனால் அந்த வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புது சீட் தேடி அலைவதைவிட, கிழிந்ததைச் சரி செய்வதுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். சீட்டில் டிரைவர் சீட்தான் முதலில் கெடும். அதிலும் கதவுப் பக்கம், அதாவது வலது ஓரம். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு அங்கேதான் உரசுகிறது.

முதலில் ஃபோம், பிறகுதான் கவர்

வண்டிக்காரர் என்ன சொல்வார்? "அக்கா, ஃபோம் இருக்கட்டும், மேல் கவரை மட்டும் மாத்திக் குடுங்க" என்பார். அங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே ஃபோம் அமுங்கிக் கிடந்தால் புதுக் கவர் தொளதொளவென்று நிற்கும். உட்கார உட்கார மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் ரெக்சின் வெடிக்கும். பழி நம் தையல் மேல்தான் வரும். "தம்பி, உள்ளே பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஃபோமைச் சோதிப்பது சுலபம். கையால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது, குழி அப்படியே நின்றால் பலம் போய்விட்டது. விரலால் தேய்த்தால் மஞ்சள் தூள் கொட்டுகிறதா? மக்கிவிட்டது, அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும்.

செய்யும் முறை

1. சீட்டைக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் மெக்கானிக் வேலை. போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் பிரேக் போடும்போது சீட்டே நகரும். அந்தப் பொறுப்பை நாம் எடுக்க வேண்டாம்.

2. கவரைக் கிழித்து எடுக்காதீர்கள். அடியில் கம்பி வளையங்களால் மாட்டியிருப்பார்கள். கட்டிங் பிளேயரால் வளையங்களை விரித்து எடுங்கள். கவரின் உள்மடிப்பில் மெல்லிய கம்பி ஓடும். அதுதான் கவரை இழுத்துப் பிடிப்பது, பத்திரமாக எடுத்து வையுங்கள்.

3. இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். துருவைத் தேய்த்து பெயிண்ட் அடிக்கலாம். வெல்டிங் விட்டிருந்தால் வேலையை நிறுத்தி, வெல்டரிடம் அனுப்புங்கள். அம்பாசிடர் போன்ற வண்டிகளில் அடியில் ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங் மேல் சணல் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டால் அது ஃபோமை அறுக்காது.

4. கெட்ட ஃபோமை நேர்கோட்டில் வெட்டி எடுங்கள். அதே அளவில் புதுத் துண்டு வெட்டுங்கள். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். எண் கூடினால் சரக்கு கூடுதல், நாள்படத் தாங்கும். உட்காரும் பகுதிக்கு 40 கேளுங்கள். மெத்தைக்கு வாங்கும் மெல்லிய ஃபோம் இங்கே நிற்காது.

5. ஒட்டும் இரண்டு பக்கத்திலும் ரப்பர் சொல்யூஷன் தடவுங்கள். விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் பிடிக்காது. மேலே அரை இஞ்ச் ஃபோம் ஒன்றைப் போர்த்தினால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

6. பழைய கவர்தான் நமக்கு அளவுத் துணி. பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எண் போட்டு, முன்பக்கம் எது என்று சாக்பீஸால் குறியுங்கள். பழைய கவர் இழுபட்டு அகண்டிருக்கும், அதையும் கணக்கில் வைத்து வெட்டுங்கள். தையலுக்கு அரை இஞ்ச் விடுங்கள்.

7. ரெக்சினில் ஊசி போட்ட ஓட்டை மறையாது. அதனால் குண்டூசி குத்தாமல் துணி கிளிப் போடுங்கள். பருத்தி நூல் வெயிலிலும் வியர்வையிலும் இற்றுவிடும், பாலியஸ்டர் அல்லது நைலான் நூல் வாங்குங்கள். ஊசி 16 அல்லது 18. ஒரு இஞ்சுக்கு 6 முதல் 8 தையல் போதும். ஜாக்கெட் போல நெருக்கித் தைத்தால் தபால் தலை ஓரம் போல அந்த வரிசையிலேயே கிழியும்.

8. வீட்டு மிஷினில் இரண்டு மடிப்பு மெல்லிய ரெக்சின் ஓடும். நாலு மடிப்பு சேரும் இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அந்த மூலையை மட்டும் குஷன் கடையில் கூலி கொடுத்துத் தைத்து வாங்குங்கள்.

கவனம், கவனம்!

• சொல்யூஷன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு இருக்கும் இடத்தில் திறக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் எட்டாத தூரத்தில் வையுங்கள்.
• மக்கிய ஃபோம் தூளாகப் பறக்கும். மூக்கில் துணி கட்டுங்கள்.
• நனைந்த ஃபோமை முழுதாகக் காயவைத்த பிறகே கவர் மாட்டுங்கள். இல்லையென்றால் நாற்றமும் துருவும் உள்ளேயே வளரும்.
• புது வண்டிகள் சிலவற்றில் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும், லேபிள் தைத்திருப்பார்கள். மோதலில் அது சீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். நாம் கவரால் மூடித் தைத்தால் உயிர் காக்கும் பொருள் வேலை செய்யாமல் போகலாம். அந்த வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

கூலியைக் கணக்கில் சேருங்கள்

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ரெக்சின் ரூ.400, ஃபோம் ரூ.350, நூலும் பசையும் ரூ.80, பஸ் செலவு ரூ.70. மொத்தம் ரூ.900. வேலை 6 மணி நேரம், மணிக்கு ரூ.60 என்றால் ரூ.360. மிஷின் தேய்மானம் ரூ.40. ஆக ரூ.1300.

"ஆயிரத்துக்கு முடிச்சுக் குடுங்க" என்று கேட்டால் ரூ.100 லாபம் என்று நினைத்துச் சரி என்போம். மிஷினுக்கு ரூ.40 போனால் மீதி ரூ.60. ஆறு மணி நேரம் உழைத்ததற்கு மணிக்கு பத்து ரூபாய்! இடுப்பு வலிக்கு மருந்து வாங்கக்கூட அது காணாது. நம் உழைப்புக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? பொருளுக்கு முன்பணம் வாங்குங்கள். சொன்ன விலையைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஆரம்பத்திலேயே பெரிய மிஷினுக்குக் கடன் வாங்க வேண்டாம். முதலில் ஆட்டோ சீட்டில் சிறு கிழிசல், ஆம்னியின் பின் சீட் என்று தொடங்குங்கள். ஆறு மாதம் வரவு செலவு எழுதுங்கள். மாதம் எத்தனை சீட் வந்தது, கையில் எவ்வளவு நின்றது என்பதை நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், அந்த நோட்டோடு குழுவில் கடன் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊரிலும் பக்கத்து ஊரிலும் பழைய கார், வேன், ஆட்டோ எத்தனை ஓடுகின்றன? ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு பட்டியல் எடுக்கலாமா?
2. தையல் தெரிந்த இருவர், வெட்டவும் ஒட்டவும் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்து செய்ய முடியுமா?
3. ரெக்சினையும் ஃபோமையும் கூட்டமைப்பு மூலம் மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு கிழிந்த சீட்டோடு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.